பழுதே இல்லாத புகை அலாரத்துக்கு என் அரை மாதச் சம்பளம் போனது: ஆள் கூப்பிடும் முன் இதைப் படியுங்கள்

வீட்டில் புகை அலாரம் காரணமில்லாமல் அலறுகிறது என்று யாரையாவது கூப்பிடப் போகிறீர்கள் என்றால், ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள். வீட்டுப் பழுதுகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியை நம்பி, நன்றாக இருந்த நான்கு கருவிகளைக் கழற்றிக் கொடுத்ததோடு, என் அரை மாதச் சம்பளத்தையும் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பணம் போய் ஆறு நாள்தான் ஆகிறது. அந்தச் செயலியின் பெயரை நான் எழுதப்போவதில்லை, ஏனென்றால் இதே வித்தையை நாளை வேறொரு பெயரில் வந்து செய்வார்கள். வித்தையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன்.

எங்களுக்கு இருந்தது இரண்டு தொல்லைகள். விடியற்காலை மூன்று மணிக்கு மேல், நிமிடத்துக்கு ஒருமுறை 'கீச்' என்று ஒற்றை ஒலி கேட்கும். பகலில் அது நின்றுவிடும். அதைத் தவிர, வாரத்தில் இரண்டு மூன்று முறை, பெரும்பாலும் காலையில், நடைக்கூடத்துக் கருவி வீடே அதிரும்படி அலறும். நான்கு கருவிகளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை என்பதால் ஒன்று அலறினால் மற்ற மூன்றும் சேர்ந்து அலறும். எது தொடங்கியது என்று உடனே தெரியாது. வயதான அம்மா படுக்கையிலிருந்து பதறி எழுந்து, செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடியதைப் பார்த்த அன்றுதான் செயலியில் ஆளுக்குப் பதிவு செய்தேன்.

வந்தவர் பணிவாகப் பேசினார். ஏணியில் ஏறி, நடைக்கூடத்துக் கருவியைக் கழற்றி, அதன் ஓரத்தில் படிந்திருந்த தூசியை விரலால் துடைத்து என் கண்ணெதிரே நீட்டினார். பிறகு கருவியின் நடுவில் இருந்த பொத்தானை அழுத்திப் பிடித்தார். அது அலறியது. "பாருங்க சார், புகையே இல்லாம கத்துது. உள்ளே சென்சார் போயிடுச்சு" என்றார். மற்ற மூன்றையும் அதேபோல் அழுத்திக் காட்டினார், மூன்றும் அலறின. நான்கு முறையும் நான் தலையாட்டினேன். கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகவே வைக்கப்பட்டது அந்தச் சோதனைப் பொத்தான். அழுத்தினால் அலறினால்தான் அது நல்ல கருவி. அலறாமல் இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பொத்தான் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததைப் படிக்காமல், ஒருவர் ஏணியில் நின்று நிதானமாகச் சொன்னதை நம்பினேன்.

அதோடு விடவில்லை. கருவியின் பின்புறம் இருந்த சிறிய கதிரியக்கக் குறியைக் காட்டி, "இது பழைய ரகம் சார், குழந்தை இருக்கிற வீட்டில் இதை வெச்சிருக்கவே கூடாது" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். என் மகள் அறைக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் நான் பேரம் பேசவில்லை. நான்கு புதிய கருவிகள், 'பாதுகாப்பான அகற்றல்' என்று ஒரு தனிக் கட்டணம், பொருத்தும் கூலி, எல்லாம் சேர்த்து அரை மாதச் சம்பளம். பழையவற்றைப் பையில் போட்டு எடுத்துச் சென்றுவிட்டார்.

மறுநாள் காலையே புதிய கருவி அலறியது. மகள் வெந்நீரில் குளித்துவிட்டுக் குளியலறைக் கதவைத் திறந்த அதே நொடியில் அலறியது. கதவுக்கு நேர் மேலே, கூரையில், நீராவி மேகம்போல் எழுந்து அந்தக் கருவியைச் சூழ்ந்துகொண்டதை அன்றுதான் நின்று பார்த்தேன். இத்தனை மாதமும் நடந்தது இதுதான்.

பழைய கருவியின் கையேடு இழுப்பறையில் இருந்தது. ஆள் வருவதற்கு முன்பு படித்திருக்க வேண்டியதை அன்று மாலை உட்கார்ந்து படித்தேன். தீத்தடுப்பு வேலையில் இருக்கும் நண்பர் ஒருவரையும் தொலைபேசியில் அழைத்து, வரிவரியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தப் பழைய ரகத்தில் அமெரிசியம்-241 என்ற பொருள் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவில், மூடி முத்திரையிட்ட நிலையில் இருக்கும். அதன் கதிர், இரண்டு தகடுகளுக்கு இடையே உள்ள காற்றை மின்னூட்டம் பெறச் செய்து, மிகச் சிறிய மின்னோட்டம் ஓட வைக்கிறது. புகைத்துகள் உள்ளே புகுந்தால் அந்த ஓட்டம் குறையும், உடனே அலாரம் ஒலிக்கும். அடர்ந்த நீராவித் துளிகளும் அதே வேலையைச் செய்துவிடுகின்றன. அந்த ஆல்ஃபா கதிரை ஒரு தாள் தடுத்துவிடும். காற்றில் சில சென்டிமீட்டருக்கு மேல் அதனால் போக முடியாது. உடைத்துத் திறக்காதவரை வீட்டில் இருப்பவர்களுக்கு அதனால் ஆபத்து இல்லை என்றார் நண்பர். புதிய ரகத்தில் இருட்டறைக்குள் ஓர் ஒளிக்கற்றை. புகை வந்தால் ஒளி சிதறி உணரியின் மேல் படும். ஆனால் நீராவி, தூசி, உள்ளே நுழைந்த குட்டிச் சிலந்தி, எதுவானாலும் ஒளி சிதறத்தான் செய்யும். இடத்தை மாற்றாமல் கருவியை மட்டும் மாற்றினால் என்ன பயன்? ஏணியில் ஏறிய அந்த ஆளுக்கு, எதிரே இருந்தது குளியலறைக் கதவு என்பது தெரியாமலா இருந்திருக்கும்?

விடியற்காலைக் கீச்சொலி வெறும் பேட்டரிதான். இரவில் வீடு குளிரும்போது தீரும் நிலையில் உள்ள பேட்டரியின் மின்னழுத்தம் இன்னும் இறங்கும். வெயில் ஏறியதும் மீளும். அதனால்தான் பகலில் சத்தம் இல்லை. நான்கு பேட்டரிகளில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு அரை மாதச் சம்பளம் கொடுத்திருக்கிறேன்.

இவற்றைவிட என்னைக் கொதிக்க வைத்தது அடுத்தது. இடம் மாற்றலாம் என்று புதிய கருவியைக் கழற்றியபோது, பின்புறத்தில் செயலியின் வெள்ளை ஒட்டுத்தாள் ஒரு மூலையில் பிரிந்திருந்தது. நகத்தால் உரித்தேன். அடியில் தயாரிப்புத் தேதி: 9 ஆண்டுகளுக்கு முந்தையது. இந்தக் கருவிகளைத் தயாரிப்புத் தேதியிலிருந்து 10 ஆண்டில் மாற்றிவிட வேண்டும். நான்கிலும் அதே ஒட்டுத்தாள், அதே இடத்தில். என் பழைய கருவிகளுக்கு வயது 4. வாங்கியபோது எடுத்த படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது.

அன்றே புகார் கொடுத்தேன். முதல் நாள், "வந்த ஊழியர் விடுப்பில் இருக்கிறார்" என்றார்கள். இரண்டாம் நாள் பேசிய பெண், நீராவியால் வரும் கோளாறு உத்தரவாதத்தில் அடங்காது என்று எழுதிவைத்ததைப் படித்தார். நான் கேட்டது தேதியைப் பற்றி, நீராவியைப் பற்றி அல்ல என்று மூன்று முறை சொன்னேன், மூன்று முறையும் அதே வரியைப் படித்தார். படம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். தெளிவாக இல்லை என்றார்கள், மறுபடி அனுப்பினேன். பழைய கருவிகளையாவது திருப்பிக் கொடுங்கள் என்றதற்கு, அகற்றியாகிவிட்டது என்றார்கள். நேற்று மாலை, என் புகார் 'தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. அரை மாதச் சம்பளத்தில் ஒரு காசுகூடத் திரும்பவில்லை.

விளக்கமாக எழுத நினைத்தேன், இப்போது மறுபடி அவர்களை அழைக்க வேண்டியிருக்கிறது. இவற்றையாவது கவனியுங்கள். சோதனைப் பொத்தானை அழுத்திக் காட்டிப் பழுது என்று சொல்பவரை அப்போதே வெளியே அனுப்புங்கள். கீச்சொலி என்றால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். அலறினால் முதலில் உண்மையிலேயே தீ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த நொடியில் குளியலறை, அடுப்பு, தூசி எதுவென்று கவனியுங்கள். அடுப்பிலிருந்து 3 மீட்டராவது தள்ளி வையுங்கள். பின்புறத் தேதியை, ஒட்டுத்தாள் இருந்தால் உரித்து, பணம் கொடுக்கும் முன் பாருங்கள். பழைய கருவியைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். தொல்லை தாங்காமல் பேட்டரியைக் கழற்றி மட்டும் வைத்துவிடாதீர்கள். நேற்றிரவு அம்மா அதைத்தான் செய்யச் சொன்னார், நான் மறுத்துவிட்டேன்.