ஐசோட்ரெட்டினாயின் தரும் வறட்சிக்குச் செரமைடு கிரீமா, பெட்ரோலியம் ஜெல்லியா?

கடுமையான முகப்பருவுக்கு மருத்துவர் எழுதித் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்கிப் பருவை அடக்குவதால், தோலின் இயல்பான எண்ணெய்ப்பசையும் கூடவே குறைந்துவிடுகிறது. உதடு வெடிக்காமல் இம்மருந்தை முடிப்பவர்கள் மிகச் சிலரே.

தோலில் இயல்பாகவே உள்ள கொழுப்பு வகையான செரமைடும் கிளிசரினும் கலந்த கிரீமில், கிளிசரின் மேல்தோலில் நீரைப் பிடித்துவைக்க, செரமைடு தோல் அணுக்களுக்கு இடையிலுள்ள கொழுப்புப் படலம் சீரடைய உதவுகிறது. முகம் கழுவியபின் ஈரம் முற்றிலும் உலர்வதற்குள் தடவினால் பலன் கூடும். இம்மருந்து தோலை வெயிலில் எளிதில் கன்றச் செய்வதால் பகலில் சன்ஸ்கிரீன் அவசியம். அதை இக்கிரீமின் மேல் சிரமமின்றிப் பூசலாம். வாசனை சேர்க்காத கிரீமே நல்லது.

பெட்ரோலியம் ஜெல்லி (வாசலின் போன்றது) தானாக ஈரம் தருவதில்லை. இருக்கும் ஈரம் ஆவியாகாமல் மூடிவைக்கிறது. விலையும் குறைவு. அது பருவை வரவழைக்கும் என்ற அச்சம் பெரும்பாலும் தேவையற்றது (அந்த அச்சத்தைத் தேங்காய் எண்ணெய்க்கு வைத்துக்கொள்ளலாம்). ஆனால் புழுக்கமான பகலில் முகம் முழுவதும் அதன் பிசுபிசுப்பைத் தாங்குவது கடினம்.

ஆகவே முகத்துக்குக் கிரீமையும், உதட்டுக்கும் மூக்குத் துவார ஓரங்களுக்கும் ஜெல்லியையுமே நான் தேர்ந்தெடுப்பேன். இரண்டையும் ஒழுங்காகப் பூசியும் வெடிப்பில் இரத்தம் கசிந்தால், மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர் அளவைக் குறைக்கக்கூடும்.