ரைசன் 5600ஜி பரவாயில்லை, கேபினெட்தான் உயிரை வாங்குகிறது

என் கம்ப்யூட்டரில் இருக்கும் ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600ஜி ப்ராசஸர் எப்படி ஓடுகிறது என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் வாயில் வருவது எல்லாவற்றையும் அடைத்து வைத்திருக்கும் பெட்டியான கேபினெட்டைப் பற்றிய வசைதான். ப்ராசஸர், மதர்போர்டு, மெமரி, எஸ்எஸ்டி எதன் மேலும் குறையில்லை. 2023-ல் மானிட்டரோடு சேர்த்து நாற்பதாயிரத்துக்குள் முடித்த கம்ப்யூட்டர். கிராஃபிக்ஸ் கார்டு தனியாகக் கிடையாது, ப்ராசஸருக்குள் இருப்பதே போதும் என்று போட்டது. எல்லாவற்றுக்கும் போக கேபினெட்டுக்கு மிஞ்சியது இரண்டாயிரத்துச் சொச்சம். அந்த விலைக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதன் பின்னால் கலர் கலராக எரியும் மூன்று ஃபேன். கடையில் பார்க்க ஜோராகத்தான் இருந்தது.

நான் இருப்பது சேலம் அம்மாபேட்டை. வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறி. தறி ஓடும் தெருவில் இருப்பவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: காலையில் துடைத்த மேஜையில் மாலைக்குள் வெள்ளையாகப் பஞ்சு படியும். மண்தூசு என்றால் ஃபேன் இறக்கையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், அவ்வளவுதான். பஞ்சுத்தூசு அப்படி அல்ல. இழை இழையாகச் சேர்ந்து, ப்ராசஸரின் சூட்டை இறக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து, ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளும். சில மாதத்தில் காற்று போக வழியே இருக்காது.

இதற்குத்தான் ஃபில்டர் என்று ஒன்று வைப்பார்கள். என் கேபினெட்டிலும் வைத்திருக்கிறார்கள், அடியில், பவர் சப்ளைக்கு. முன்னால் மூன்று ஃபேன் இழுக்கிற இடத்தில் ஒன்றும் இல்லை. கண்ணாடி மறைத்துக்கொண்டிருப்பதால் பக்கவாட்டில் இருக்கும் விரல் அகலச் சந்து வழியாகத்தான் காற்று உள்ளே வர வேண்டும். காற்று வருகிறதோ இல்லையோ, பஞ்சு தவறாமல் வருகிறது. இதை வடிவமைத்த புண்ணியவான் ஒரு நாள் எங்கள் தெருவில் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இந்த ஏப்ரலில் வினை முற்றியது. சேலத்து வெயில் தெரிந்ததுதான், மாடி அறை வேறு. வாலரன்ட் கேம் ஆடிக்கொண்டிருக்கும்போது படம் தடுமாறும், கொஞ்சம் விட்டால் சரியாகும், மறுபடி தடுமாறும். இந்த ப்ராசஸருக்கு 95 டிகிரி எல்லை. அதைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். ஒரு நாள் அதுவும் போதாமல் அப்படியே அணைந்துவிட்டது. ஐந்து ரோடு பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிப்போனேன். மேஜையில் வைத்துப் பக்கவாட்டுக் கதவைத் திறந்ததும் அந்தப் பையன் கேட்டது, "தறிக்குப் பக்கத்துல வீடாண்ணா?" குகை, கொண்டலாம்பட்டி, அம்மாபேட்டையிலிருந்து வருகிற பெட்டியெல்லாம் இப்படித்தானாம். ஹீட்சிங்கும் ஃபேனும் சேர்ந்த கூலரைக் கழற்றியபோது தகடுகளிலிருந்து பஞ்சு பாய் மாதிரி ஒரே துண்டாக உரிந்து வந்தது. ப்ளோயர் அடித்து, ப்ராசஸரிலிருந்து கூலருக்குச் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றி, ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டான். பழுது என்று எதுவுமே இல்லை.

அப்புறம் அந்தக் கலர் ஃபேன்கள். மலிவுக் கேபினெட்டோடு வரும் ஃபேன்கள் பெரும்பாலும் மோலெக்ஸ் என்ற பழைய கனெக்டரில் நேராகப் பவர் சப்ளையிலிருந்து மின்சாரம் எடுப்பவை. மதர்போர்டோடு அவற்றுக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. அதனால் வேகத்தைக் குறைக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது. வெறுமனே ஒரு வேர்ட் ஃபைலைத் திறந்து வைத்திருந்தாலும் முழு வேகம். தறி ஓடுகிற நேரத்தில் இந்த இரைச்சல் காதில் விழாது. தறி நிற்கிற நாட்களில்தான் இது எவ்வளவு அலறுகிறது என்று தெரியும்.

சர்வீஸுக்குப் பிறகு இரண்டு வேலை செய்தேன். ஒன்று, கண்ணாடியைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலையில் ஒரு துண்டு வெட்டி அந்த இடத்தில் டேப் போட்டு ஒட்டினேன். பஞ்சு இப்போது வலையிலேயே நின்றுவிடுகிறது, பெயிண்ட் பிரஷால் தட்டிவிட்டால் போதும். இரண்டு, கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்குகள் இருக்கும் பயாஸில் போய் ப்ராசஸரை 65 வாட்டிலிருந்து 45 வாட்டுக்கு இறக்கினேன். 5600ஜி இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் ஓடும்படி செய்யப்பட்டதுதான். நான் ஆடுகிற ஆட்டங்களில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை, சூடு மட்டும் நன்றாகவே இறங்கியிருக்கிறது. மே மாதத்தையும் தாண்டிவிட்டது.

இவ்வளவு திட்டிவிட்டு நல்லதைச் சொல்லாமல் போனால் பாவம். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் பன்னிரண்டு வேலையை இழுக்கும். வாலரன்ட் 1080பி திரைத்தெளிவில், லோ செட்டிங்கில் நொடிக்கு நூறு ஃபிரேமுக்கு மேலேயே நிற்கிறது. ஜிடிஏ 5 நார்மலில் அறுபதை ஒட்டிப் போகிறது. கவுன்டர் ஸ்டிரைக் 2-க்கு 720பிக்கு இறக்கினால்தான் நிம்மதி. புதிதாக வரும் பெரிய கேம்களை நினைத்துப் பார்க்கவே கூடாது, அது வேறு பட்ஜெட். ஆடும்போது மொத்தப் பெட்டியும் நூறு வாட்டைச் சுற்றித்தான் இழுக்கிறது. அதனால் 600 விஏ யுபிஎஸ் ஒன்றே தாராளம். கரண்ட் போனால் ஆட்டத்தை முடித்து, ஷட் டவுன் செய்து, ஃபேன் காற்றும் போய்விட்டதே என்று அலுத்துக்கொள்ளும் வரை தாங்குகிறது.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் விடாப்பிடியாகச் சொல்வேன். மெமரி ஒற்றை ஸ்டிக்காக இருக்கக் கூடாது. தனி கிராஃபிக்ஸ் கார்டில் அதற்கென்று மெமரி இருக்கும். 5600ஜிக்குள் இருக்கும் வேகா கிராஃபிக்ஸுக்கு அது கிடையாது, கம்ப்யூட்டரின் மெமரியைத்தான் பங்குபோட்டுக்கொள்ளும். டிடிஆர்4 வகையில் 3200 வேக ஸ்டிக் ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி கொடுக்கும். இரண்டாகப் போட்டால் 51.2. ஒரே 16 ஜிபி ஸ்டிக்கைப் போட்டுவிட்டு "பதினாறுதானே சார் கேட்டீங்க" என்பார்கள். இரண்டு எட்டாக வாங்க வேண்டும், பயாஸில், மெமரியை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியையும் ஆன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் 3200 என்று அட்டையில் போட்டிருப்பது பெரும்பாலும் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கும் பெரியப்பா மகன். தன் பாப்பா ப்ளஸ் டூ முடித்துவிட்டாள், படிக்கவும் வேண்டும், கேமும் ஆட வேண்டும், அதே நாற்பதாயிரத்துக்குள் சொல்லு என்று கேட்டார். 2023 என்றால் ஒரே மூச்சில் சொல்லியிருப்பேன். 2025 கடைசியில் மெமரி விலை தாறுமாறாக ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்கள் மொத்தமாக வாரிக்கொண்டு போகின்றன. க்ரூஷியல் என்ற பெயரில் நமக்கெல்லாம் மெமரி விற்ற மைக்ரான், அந்தச் சில்லறை வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. மூவாயிரத்துச் சொச்சத்துக்கு நான் வாங்கிய இரண்டு ஸ்டிக்கை இன்று அந்த விலைக்குக் கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார். அண்ணனுக்கு மெமரியை மட்டும் செகண்ட் ஹேண்டில் பார்க்கச் சொன்னேன். ஒரு ராத்திரி முழுக்க மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ப்ரோக்ராமை ஓட்டிப் பார்த்துப் பிழை வராவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் பத்தாயிரத்துக்குக் கிடைக்கிறது, அதில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் என்ன என்றும் கேட்டார். உள்ளே இருப்பது எந்தத் தலைமுறை இன்டெல் ஐ5 ப்ராசஸர் என்று முதலில் பாருங்கள் என்றேன். எட்டாம் தலைமுறைக்கு முந்தையது என்றால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. வாலரன்ட் விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். அந்தச் சின்னப் பெட்டிகளில் பவர் சப்ளையும் தனி அளவில் இருக்கும், கடையில் விற்கும் சாதாரண பவர் சப்ளை உள்ளே நுழையாது. ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி, தனி ஒயர் கேட்காத 75 வாட் கார்டு போடலாம்தான், அதுவும் பெட்டியின் உயரத்துக்கு ஏற்ற குட்டை மாடலாகத் தேட வேண்டும். 5600ஜியில் பிறகு கார்டு சேர்ப்பதானால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மட்டும் வேண்டாம். கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ பாதையில் அது நான்கு லேனில் மட்டும் ஓடுவது, வேகமான 4.0-வை நம்பிச் செய்தது. 5600ஜியிடம் இருப்பதோ பழைய 3.0.

கேபினெட்? பாப்பா ஏற்கெனவே தேர்ந்தெடுத்து ஃபோட்டோ அனுப்பிவிட்டாள். முன்னால் முழுக் கண்ணாடி, உள்ளே வானவில். அங்கே பஞ்சும் இல்லை, வெயிலும் இல்லை, ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரம். வாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். அங்கே எதிரி ஈரம்தான். பனிமூட்டக் காலத்தில் ஜன்னல் ஓரம் வைக்காமல், தினமும் கொஞ்ச நேரமாவது ஓடவிட்டால் சரி. சித்திரை இடி மழைக்குப் ப்ளக்கோடு மோடத்திலிருந்து வரும் லேன் ஒயரையும் பிடுங்கிவிட வேண்டும்.

மொத்தத்தில், தறித் தெருவில் இருப்பவர்கள் யாரும் இந்தக் கேபினெட்டை வாங்க வேண்டாம். இதைக் கேட்ட அண்ணன் சட்டென்று, "அவ்வளவு தொல்லைன்னா அந்தக் கம்ப்யூட்டரையே பாப்பாவுக்குக் குடுத்துடு சாமி, நீ வேற ஒண்ணு போட்டுக்க" என்றார். மெமரி விலை இறங்கட்டும், பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இறங்கினாலும் கொடுப்பதாக இல்லை.