மாலிக்யூல் மாடல் கிட்: ஆறு மாசம் நோண்டிப் பாத்துட்டு எழுதுறேன்

தம்பிக்கு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி ஆரம்பிச்சதுலேர்ந்து வீட்டுல ஒரே புலம்பல். ஐசோமர்னா (ஒரே வாய்பாடு, ஆனா அணுக்கள் அமைஞ்சிருக்குற விதம் வேற) என்னன்னு கேட்டா டெஃபனிஷன் தண்ணி பட்ட பாடா சொல்லுவான், ஆனா ஹெக்ஸேனுக்கு (ஆறு கார்பன், 14 ஹைட்ரஜன்) எத்தன ஐசோமர்னு வரையச் சொன்னா ஏழு வரைஞ்சு வெச்சிருப்பான். விடை அஞ்சு தான். அந்த ரெண்டு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நானும் வாயால எவ்ளோவோ சொல்லிப் பாத்தேன், ஏறல. சரின்னு அணுவுக்கு பந்து, பிணைப்புக்கு குச்சின்னு கோத்துப் பாக்குற இந்த பந்து-குச்சி கிட் ஒண்ண ஆன்லைன்ல வாங்குனோம். கம்பெனி பேர் வேணாம், எல்லாருமே கிட்டத்தட்ட ஒரே மாதிரி டப்பா தான் விக்கிறாங்க.

டப்பாக்குள்ள கார்பன் கருப்பு 12, ஹைட்ரஜன் வெள்ளை 20, ஆக்ஸிஜன் சிவப்பு 6, நைட்ரஜன் நீலம் 4, குளோரின் பச்சை 4, அப்புறம் புரோமினுக்கு ஆரஞ்சு ரெண்டு. நேர் குச்சி ஒரு குவியல், டபுள் பாண்டுக்கு (இரட்டைப் பிணைப்பு) வளையிற நீளக் குச்சி கொஞ்சம், பிடுங்கி எடுக்க ஒரு பிளாஸ்டிக் கொக்கி. அந்தக் கொக்கிய தொலைச்சுடாதீங்க, நகம் போயிடும். (கருப்பு, வெள்ளை, சிவப்பு, நீலம், பச்சை இந்த கலர் வழக்கம் 1865-ல ஹாஃப்மன்ங்கிற கெமிஸ்ட்ரி விஞ்ஞானி லண்டன்ல குரோக்கே விளையாட்டுப் பந்த வெச்சு லெக்சர் எடுத்தாரே, அப்போலேர்ந்து வருது. அவரோட மாடல் தட்டையா இருந்துச்சு, கார்பனோட நாலு கையும் நாலு மூலைக்கு போகுதுன்னு வான்ட் ஹாஃப், லெ பெல்ங்கிற ரெண்டு விஞ்ஞானிங்க சொன்னது 1874-ல தான்.)

முதல்ல நல்லத சொல்லிடுறேன். கார்பன் பந்துல நாலே ஓட்டை, ஆக்ஸிஜன்ல ரெண்டு, ஹைட்ரஜன்ல ஒண்ணு. தம்பி பேப்பர்ல கார்பனுக்கு அஞ்சு கை போட்டுட்டு போயிட்டே இருப்பான், இங்க அஞ்சாவத சொருக இடமே இல்ல, முதல் நாளே அந்த தப்பு நின்னு போச்சு. மீத்தேன் செஞ்சு டேபிள்ல வெச்சா மூணு காலுல நிக்குது, கோணம் 109.5 டிகிரி. பேப்பர்ல பிளஸ் குறி மாதிரி வரைஞ்சு வரைஞ்சு 90 டிகிரின்னே மனசுல பதிஞ்சிருக்கும், அத மொதல்ல அழிக்கணும்.

இப்போ அந்த ஹெக்ஸேன் கதைக்கு வர்றேன். அவன் வரைஞ்ச ஏழையும் ஒவ்வொண்ணா செய்யச் சொன்னேன். ஒண்ணு நேர் சங்கிலி, இன்னொண்ணு அதையே எல் மாதிரி மடக்கி வரைஞ்சது, ரெண்டையும் செஞ்சா ஒரே பொருள், சும்மா திருகுனா இது அதா ஆகிடுது, ஒரு குச்சிய கூட கழட்டல. அடுத்து 2-எத்தில்பியூட்டேன்னு ஒண்ணு எழுதி வெச்சிருந்தான், நாலு கார்பன் நேரா, ரெண்டாவதுல ஒரு எத்தில் (ரெண்டு கார்பன் துண்டு) தொங்குது. செஞ்சு முடிச்சதும், எந்த ரெண்டு முனைய பிடிச்சு இழுத்தா சங்கிலி ரொம்ப நீளமா வருதுன்னு பாருடான்னேன். இழுத்தான். அஞ்சு கார்பன் நேரா வந்துச்சு, நடுவுல ஒரே ஒரு மெத்தில் (ஒரு கார்பன் துண்டு) தொங்கிட்டு இருக்கு. டேய் இது 3-மெத்தில்பென்டேன்டா, இத தான் நீ ஏற்கனவே மூணாவதா வரைஞ்சிருக்கன்னதும் அவன் மூஞ்சிய பாக்கணுமே. மிச்சம் ஹெக்ஸேன், 2-மெத்தில்பென்டேன், 3-மெத்தில்பென்டேன், 2,2-டைமெத்தில்பியூட்டேன், 2,3-டைமெத்தில்பியூட்டேன், அஞ்சு கரெக்டா வந்துடுச்சு. நீளமான சங்கிலிய எடு, கிளை கிட்ட இருக்குற முனையிலேர்ந்து நம்பர் போடுங்கிற ரூல் கையில இழுத்துப் பாத்தா ரூல் மாதிரியே தெரியாது.

ஆனா பேர் வைக்கிறத இந்த கிட் தானா சொல்லிக் குடுத்துடும்னு நெனச்சு வாங்காதீங்க. பந்துல நம்பர் எல்லாம் கிடையாது, நான் சின்ன ஸ்டிக்கர்ல 1, 2, 3 எழுதி ஒட்டி வெச்சேன். கூட வர்ற புக்லெட் அதுக்கு மேல, ஒரு படத்துக்கு கீழ 3-மெத்தில்பியூட்டேன்னு பிரிண்ட் பண்ணி வெச்சிருக்காங்க, இன்னொரு முனையிலேர்ந்து எண்ணுனா 2-மெத்தில்பியூட்டேன் தானே. விக்கிறவங்களே இப்படின்னா படிக்கிற பையன் என்ன பண்ணுவான். புக்லெட்ட தூக்கி ஓரமா வெச்சுட்டு பாடப் புக்க பாத்தே செய்யுங்க.

சி4எச்10ஓ-ன்னு வாய்பாடு மட்டும் குடுத்து எத்தன பொருள் செய்யலாம்னு ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்தோம். ஆல்கஹால் நாலு, ஈதர் மூணு, மொத்தம் ஏழு வந்துச்சு. சிவப்பு பந்து சங்கிலியோட வெளிய ஹைட்ரஜனோட தொங்குதா, இல்ல ரெண்டு கார்பனுக்கு நடுவுல மாட்டிக்கிச்சா, அவ்ளோ தான் வித்தியாசம். அதுவே எவ்ளோ பெரிய வித்தியாசம்னா, இதோட சின்ன தம்பி சி2எச்6ஓ-ல எத்தனால் 78 டிகிரி செல்சியஸ்ல கொதிக்குது, டைமெத்தில் ஈதர் மைனஸ் 24-லயே ஆவியாகி போயிடுது. அதே ஒன்பது பந்து, ஒண்ண கழட்டி இன்னொண்ணு செய்ய அரை நிமிஷம் கூட ஆகல.

எனக்கு ரொம்ப பிடிச்சது டபுள் பாண்ட் தான். வளையிற குச்சி ரெண்டு போட்டா அந்த இடம் இறுகிடும், திருகவே முடியாது, அதனால தான் சிஸ் (ஒரே பக்கம்), டிரான்ஸ் (எதிர் பக்கம்)னு ரெண்டு வருதுன்னு யாரும் சொல்லாமயே புரியும். மேலியிக் ஆசிட் செஞ்சு பாருங்க, ரெண்டு ஆசிட் குரூப்பும் ஒரே பக்கம் பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி உக்காந்திருக்கும். அதுலேர்ந்து ஒரு தண்ணிய உருவி எடுத்துட்டு மிச்ச ரெண்டு முனையையும் ஆக்ஸிஜன் வழியா சேத்தா அழகா அஞ்சு மூலை வளையம், மேலியிக் அன்ஹைட்ரைடு. சூடு பண்ணா நிஜத்துலயும் அது தான் நடக்குது. அடுத்து அதே பந்துகளால அதோட டிரான்ஸ் ஜோடி ஃபியூமரிக் ஆசிட் செஞ்சு அதே மாதிரி சேக்க பாருங்க, எட்டவே எட்டாது, ரெண்டும் எதிர் எதிர் பக்கம். இத நான் படிச்ச காலத்துல மனப்பாடம் பண்ணி மார்க் வாங்குனேன், அன்னிக்கு தான் புரிஞ்சுதுன்னு சொன்னா தம்பி சிரிக்கிறான்.

கண்ணாடி பிம்ப ஐசோமருக்கு பியூட்டேன்-2-ஆல் ரெண்டு செஞ்சோம். ரெண்டாவது கார்பன்ல ஓஎச், எத்தில், மெத்தில், ஹைட்ரஜன்னு நாலும் நாலு தினுசு. எப்படி திருப்புனாலும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காராது, ஒண்ணுல ஏதாவது ரெண்ட மட்டும் எடம் மாத்தி சொருகுனா டக்குனு உக்காந்துடுது. இந்த ரெண்டு பிம்பத்துக்கும் ஆர், எஸ்னு பேர் வைக்க ஹைட்ரஜன் குச்சிய ஸ்டியரிங் கம்பி மாதிரி நம்மள விட்டு தள்ளி பிடிச்சுக்கிட்டு ஓஎச்-லேர்ந்து எத்தில், மெத்தில்னு போனா கடிகாரம் சுத்துற பக்கமா இருந்தா ஆர், எதிர் பக்கம்னா எஸ். பேப்பர்ல முன்னாடி வர்ற கைக்கு ஆப்பு, பின்னாடி போற கைக்கு புள்ளிக்கோடு போட்டு இத புரிய வைக்கிறதுக்குள்ள விடிஞ்சுடும்.

குறைன்னு பாத்தா பென்சீன், ஆறு கார்பன் வளையம். கிட் படி செஞ்சா ஒண்ணு விட்டு ஒண்ணு டபுள் பாண்டு தான் வரும். அதுல பக்கத்து பக்கத்து கார்பன்ல ரெண்டு குளோரின் மாட்டுங்க, நடுவுல டபுள் பாண்டு இருக்குற மாதிரி ஒண்ணு, சிங்கிள் இருக்குற மாதிரி ஒண்ணுன்னு ரெண்டு பொருள் கெடைக்குது. நிஜத்துல 1,2-டைகுளோரோபென்சீன் ஒண்ணே ஒண்ணு தான், ஆறு பாண்டும் ஒரே நீளம், 139 பிகோமீட்டர். தம்பி ரெண்டு ஐசோமர் கண்டுபிடிச்சுட்டேன்னு குதிச்சான், பாவம், பென்சீன் வளையத்த சொன்ன விஞ்ஞானி கெகுலேயையே மண்டைய ஒடைய வெச்ச விஷயம்டான்னு சமாதானம் பண்ணேன். சைக்ளோபுரொப்பேனும் (மூணு கார்பன் வளையம்) நேர் குச்சில வராது, வளையிற குச்சி போட்டா விறைச்சுக்கிட்டு நிக்குது, ஒரு குச்சி தெறிச்சு என் கண்ணாடில பட்டுச்சு. 109.5-ல இருக்க வேண்டியத 60-க்கு மடக்குனா அப்படித் தான்.

பெரிய கோவம் ஹைட்ரஜன் எண்ணிக்கை மேல. பியூட்டேனையும் அதோட கிளை விட்ட ஐசோமர் ஐசோபியூட்டேனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா கரெக்டா 20 காலி. பென்டேன்னு வந்தா ரெண்ட சேத்து வைக்கவே 24 வேணும், மூணு ஐசோமரையும் வரிசையா நிக்க வைக்கணும்னா 36. ஒப்பிட்டுப் பாக்கத் தானே வாங்குறோம், இதுல போய் கஞ்சத்தனம் பண்ணா எப்படி? நீங்க வாங்குனா வெள்ளை பந்து 40-க்கு மேல இருக்குற டப்பாவா பாத்து வாங்குங்க, நைட்ரஜன் கம்மியா இருந்தா கூட பரவால்ல. அஞ்சுக்கு மூணரை குடுப்பேன், ஓட்டை தளர்ந்து போகாம இன்னும் இறுக்கமா நிக்கிறதால அந்த அரை.

இப்போ எங்க கிட்ட வெள்ளை 18 தான் இருக்கு, ரெண்டு கட்டிலுக்கு அடியில எங்கயோ உருண்டு போச்சு. ஐசோபியூட்டேன் ரெண்டு ஹைட்ரஜன் இல்லாம மொட்டையா அலமாரில உக்காந்திருக்கு.