டாப்போ சி200 கேமராவை ஆப்பிள் ஹோமில் சேர்க்க: ஹோம்பிரிட்ஜா, ஹோம் அசிஸ்டன்டா, ஸ்கிரிப்டடா?

விலையும் மலிவு, படமும் தெளிவு என்பதற்காக டாப்போ சி200 கேமராவை வாங்கி முன்னறையில் வைத்தவர், பிறகு ஐபோனின் ஹோம் செயலியில் அதைச் சேர்க்கப் போகும்போதுதான், அங்கே கேட்கப்படும் எட்டு இலக்கக் குறியீடு கேமராவின் மீதும் இல்லை, பெட்டியிலும் இல்லை என்பதைக் கவனிப்பார். ஹோம் செயலியோடு சாதனங்கள் பேசுவதற்கான ஆப்பிளின் முறை ஹோம்கிட்; அந்த மாடலுக்கு ஹோம்கிட் ஆதரவு கிடையாது. ஆனால் 1998-இல் தரப்படுத்தப்பட்ட ஆர்டிஎஸ்பி என்ற, வலைவழி நேரலைப் படத்துக்கான பழைய நெறிமுறை அதற்குத் தெரியும். கேமராவிடம் ஆர்டிஎஸ்பியும் ஆப்பிளிடம் ஹோம்கிட்டும் பேசும் துபாஷி ஒன்றை வீட்டுக் கணினியில் அமர்த்திவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளும். அந்த வேலைக்கு ஹோம்பிரிட்ஜ், ஹோம் அசிஸ்டன்ட், ஸ்கிரிப்டட் என மூன்று மென்பொருள்கள் உள்ளன. மூன்றையும் காசு கொடுக்காமலே நிறுவிக்கொள்ளலாம்.

எதைத் தேர்ந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். டாப்போ செயலியின் அமைப்புகளில் ‘கேமரா அக்கவுன்ட்’ என்ற பகுதியில் தனியாக ஒரு பயனர்பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்க வேண்டும். டாப்போ கணக்கின் கடவுச்சொல் இங்கே செல்லாது. ரவுட்டரில் கேமராவுக்கு மாறாத ஐபி முகவரி ஒதுக்கிவிட்டு, அந்தப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் அடங்கிய, 554-ஆம் போர்ட்டில் ‘ஸ்ட்ரீம்1’ என்று முடியும் முகவரியை விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் திறந்து பார்க்க வேண்டும். அங்கே படம் ஓடாவிட்டால் எந்தத் துபாஷியாலும் பயனில்லை. இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு நேராக மென்பொருளை நிறுவி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கோட்டைவிட்ட அனுபவம் எனக்கு உண்டு. கடைசியில் பார்த்தால் கடவுச்சொல்லில் இருந்த ‘@’ குறிதான் முகவரியைக் குலைத்திருந்தது. பேட்டரியில் இயங்கும் மாடல்களில் பொதுவாக ஆர்டிஎஸ்பி இல்லை என்பதால், அப்படிப்பட்டவற்றை வைத்திருப்போர் இந்த வழியில் இறங்குவதில் பொருளில்லை.

மூன்றில் ஹோம்பிரிட்ஜ் மிகவும் எளியது. ராஸ்பெரி பை என்ற சின்னஞ்சிறு கணினியில் கூடச் சிரமமின்றி ஓடும். ‘கேமரா எஃப்எஃப்எம்பெக்’ என்ற செருகுநிரலை நிறுவி, கேமராவின் முகவரியைக் கொடுத்தால், ஹோம் செயலியில் அறையின் படம் வந்துவிடும். இதன் குறை, படம் திறக்கும் வேகத்தில்தான் இருக்கிறது. நாம் படத்தைத் தொட்ட பிறகே எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றி விழித்து, கேமராவுடன் இணைந்து, படம் தொடங்கத் தேவையான அடுத்த முழுச்சட்டகம் வரும்வரை காத்திருக்கிறது. அழைப்புமணி அடித்ததும் போனை எடுத்துத் தொட்டு, படம் திறப்பதற்குள் கூரியர்காரர் மாடிப்படி இறங்கிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன், அதாவது காதால்தான். அசைவு அறிவிப்பும் தானாக வராது. எம்கியூடிடி (சாதனங்கள் சிறு செய்திகளைப் பரிமாறும் நெறிமுறை) அல்லது எச்டிடிபி வழியாக வேறொரு மென்பொருளோ சாதனமோ அதைத் தூண்டிவிட வேண்டும். ஏற்கெனவே விசிறி, விளக்குகளுக்காக ஹோம்பிரிட்ஜை ஓட்டிக்கொண்டிருப்பவர், கேமராவை எப்போதாவது எட்டிப் பார்த்தால் போதும் என்றால் இதுவே தாராளம்.

ஹோம் அசிஸ்டன்ட் வேறு தரத்தது. ஆர்டிஎஸ்பி படத்தோடு, ஆன்விஃப் என்ற கேமராக்களுக்கான பொதுத் தரத்தின் வழியாக அசைவு உணர்வையும், கேமராவின் தலையைத் திருப்பும் கட்டளையையும் பெற்றுக்கொள்கிறது; இரவு பதினொரு மணிக்கு மேல் அசைவு தெரிந்தால் மட்டும் தாழ்வார விளக்கை ஏற்று என்பது போன்ற விதிகளை எழுத இதற்கு இணை இந்த மூன்றில் இல்லை. 2024 நவம்பர் பதிப்பிலிருந்து கோ2ஆர்டிசி என்ற நேரலை மென்பொருள் அதனுள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டதால், அதன் சொந்தத் திரையில் படம் மிக விரைவாகத் திறக்கிறது. ஆனால் நாம் கேட்பது ஆப்பிள் ஹோமில் தெரியும் படம். அதற்குரிய ஹோம்கிட் பிரிட்ஜ் நேரலையைத் தருமே தவிர, ஹோம்கிட் செக்யூர் வீடியோ என்ற பதிவு வசதியைத் தராது. அதோடு, அமைப்பின்போது இந்தக் கேமரா எச்.264 என்ற வீடியோச் சுருக்க வடிவத்தையே நேரடியாகத் தருகிறது என்று குறித்துவிட வேண்டும். மறந்தால் ஏற்கெனவே எச்.264-ஆக வரும் படத்தையே மென்பொருள் மீண்டும் குறியாக்கி, செயலியின் வலுவை வீணடிக்கும். ராஸ்பெரி பை 5-இல் வன்பொருள் எச்.264 குறியாக்கி நீக்கப்பட்டுவிட்டதால், அங்கே இந்தச் சிறு குறியின் மதிப்பு பெரிது.

ஸ்கிரிப்டட் கேமராக்களுக்கென்றே எழுதப்பட்டது. அந்த வேறுபாடு பயன்பாட்டில் உடனே தெரிகிறது. கேமராவுடன் எப்போதும் இணைப்பில் இருந்து, கடைசிச் சில நொடிகளை நினைவகத்தில் வைத்துக்கொண்டே இருப்பதால், தொட்டவுடன் படம் திறக்கிறது. செக்யூர் வீடியோ இயங்குவதற்கும் அதே ஏற்பாடுதான் அடிப்படை: அசைவு தொடங்குவதற்குச் சற்று முந்தைய காட்சியும் பதிவில் இடம்பெறுகிறது. வீட்டில் ஆப்பிள் டிவியோ ஹோம்பாடோ மையமாக இருந்து, ஐக்ளவுட் பிளஸ் சந்தாவும் இருந்தால், பதிவுகள் மறையாக்கப்பட்டு 10 நாள் வரை நிற்கும். 50 ஜிபி திட்டத்தில் ஒரு கேமரா, 200 ஜிபி திட்டத்தில் ஐந்து கேமரா என்பது கணக்கு. பதிவுகள் அந்தச் சேமிப்பிடத்தைத் தின்பதில்லை. இதற்கு விலையாக, நாள் முழுவதும் ஓய்வின்றி ஓடும் கணினி ஒன்று வேண்டும். பழைய மினி பிசி போதுமானது. மென்பொருளைத் தனிப் பெட்டிபோல ஓட்டும் டாக்கரில் நிறுவுவோர், கணினியின் வலையையே நேரடியாகப் பயன்படுத்தும் ஹோஸ்ட் நெட்வொர்க் முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால், ஐபோனின் கண்ணுக்குக் கேமரா தென்படவே தென்படாது. ஹோம்கிட் தன் சாதனங்களைத் தேடும் எம்டிஎன்எஸ் அழைப்பு டாக்கரின் உள்வலையைத் தாண்டுவதில்லை.

மூன்றையும் ஒன்றாக ஓட்டிப் பார்க்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். நேரடியாகச் செய்தால் கேமரா திணறும். ஒரே நேரத்தில் பல இணைப்புகளுக்குப் படம் அனுப்பும் திராணி இந்த விலைக் கேமராக்களுக்கு இல்லை. எஸ்டி கார்டு பதிவு, டாப்போ கேர் என்ற கிளவுட் பதிவுச் சேவை, ஆர்டிஎஸ்பி ஆகிய மூன்றில் இரண்டை மட்டுமே ஒருசேர இயக்க முடியும் என்ற வரம்பும் பல டாப்போ மாடல்களுக்கு உண்டு. ஆகவே, கேமராவிடமிருந்து ஸ்கிரிப்டட் மட்டும் படத்தை வாங்கி, ஹோம் அசிஸ்டன்டுக்கு அதுவே மறுஒளிபரப்பு செய்வது நல்ல ஏற்பாடு. என் வீட்டில் இப்போது இருப்பது இதுதான். பதிவு தேவையில்லை, ஹோம் அசிஸ்டன்ட் ஏற்கெனவே ஓடுகிறது என்பவர் ஸ்கிரிப்டடை நிறுவி இன்னொரு பராமரிப்பைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

மூன்றில் எதைத் தேர்ந்தாலும் ஒரு குறை மட்டும் தீராது. சி200-இன் தலையை இடமும் வலமும் திருப்பும் பொத்தான்கள் ஆப்பிளின் ஹோம் செயலியில் இல்லை. கேமரா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால், அதைத் திருப்பிவைக்க ஹோம் அசிஸ்டன்டின் திரைக்கோ பழைய டாப்போ செயலிக்கோதான் போயாக வேண்டும். ஆகையால், டாப்போ செயலியைப் போனிலிருந்து நீக்கிவிட வேண்டாம்.