காற்றுக்குக் கப்பல் கூலி: நாடு மாறும்போது வீட்டுச் சாமான்களில் எதை அனுப்புவது?

குடும்பத்தோடு இரண்டு முறை நாடு மாறியிருக்கிறோம். முதல் முறை, வீட்டில் இருந்த ஏறத்தாழ எல்லாவற்றையும் ஒரு 20 அடி கன்டெய்னரில் ஏற்றினோம். எட்டு ஆண்டுகள் கழித்து மறுபடி மாறியபோது, நாலரை கன மீட்டர் சாமானை மட்டும் பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பிவிட்டு, மீதியில் பெரும்பகுதியை விற்று, கொஞ்சத்தைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்து, யாருக்கும் வேண்டாததைக் கழித்துக் கட்டினோம். இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் இரண்டாவது வழியே மேல் என்பது என் முடிவு. அதை மறைத்துக்கொண்டு நடுநிலை பேசப் போவதில்லை. முழுக் கன்டெய்னர்தான் சரி என்று சொல்லத்தக்க வீடுகளும் உண்டு. அவற்றைப் பற்றி அந்த இடத்தில் சொல்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். கடவுச்சீட்டு, சான்றிதழ்கள், நகை, மருந்துச்சீட்டு, வன்தட்டு ஆகியவை கையோடு வர வேண்டும். பாஸ்போர்ட் பையில் போக வேண்டிய தாள் ஒன்று கன்டெய்னருக்குள் போய்விட்டால் அது திரும்பக் கைக்கு வரச் சில வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். பவர் பேங்கும் உதிரி லித்தியம் பேட்டரியும் விமானத்தின் கைப்பையில்தான் வரலாம். சரக்கில் போடக் கூடாது. இவற்றைத் தவிர்த்த மற்றவைதான் நம் தலைவலி.

அவற்றுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன: முழுக் கன்டெய்னர், பகிர்வு கன்டெய்னர், விமானச் சரக்கு, எதையும் அனுப்பாமல் போன இடத்தில் புதிதாக வாங்குவது. சரக்கு முகவர்கள் முதல் இரண்டையும் எஃப்.சி.எல்., எல்.சி.எல். என்று சொல்வார்கள். இந்த நான்கில் எது என்று யோசிக்கத் தொடங்கும்போது எல்லோரும் பொருளின் விலையைப் பார்க்கிறோம், இல்லையென்றால் எடையைப் பார்க்கிறோம். நானும் முதல் முறை வீட்டுத் தராசை வைத்துக்கொண்டு புத்தகக் கட்டுகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டியது அதுவன்று, பொருள் அடைத்துக்கொள்ளும் இடம்.

பகிர்வு கன்டெய்னரில் கடல் வழிக் கட்டணம் ஒரு கன மீட்டருக்கு இவ்வளவு அல்லது ஆயிரம் கிலோவுக்கு இவ்வளவு, இரண்டில் எது கூடுதலோ அது என்று கணக்கிடப்படுகிறது. வீட்டுச் சாமான் மொத்தமாகச் சேரும்போது கன மீட்டருக்கு ஆயிரம் கிலோவைத் தொடுவதில்லை. ஆகவே நடைமுறையில் நாம் கொடுப்பது முழுக்க முழுக்க இடத்துக்கான கூலி. எங்கள் சோபாவை எடுத்துக்கொள்வோம். நீளம் 2.1 மீட்டர், ஆழம் 0.95, உயரம் 0.85, பெருக்கினால் ஏறத்தாழ 1.7 கன மீட்டர். புத்தகம் அடுக்கும் சிறிய அட்டைப்பெட்டி 40, 30, 30 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் அது 0.036 கன மீட்டர்தான். அந்த ஒரு சோபா நிற்கும் இடத்தில் 47 பெட்டிப் புத்தகம் போகும். பெட்டிக்குப் பதினெட்டு கிலோ என்று வைத்தாலும் மொத்தம் 850 கிலோவைத் தாண்டாது. 1,700 கிலோ வரை எடைக்கென்று தனிக்காசு கிடையாது. சோபாவின் கைப்பிடிகளுக்கு நடுவிலும் கால்களுக்கு அடியிலும் இருக்கும் வெற்றிடத்தை ஒரு கடல் தாண்டிக் கொண்டுபோகத்தான் முதல் முறை அவ்வளவு செலவு செய்தோம் என்பது அந்தக் கணக்கைப் போட்ட பிறகே எனக்கு உறைத்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கட்டணம் பொருளின் அளவுக்கு அன்று, பொதிந்த பிறகான அளவுக்கு. குமிழ் உறையும் அட்டையும் சுற்றி ஒவ்வொரு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் கூடினால் அதே சோபா 2.2, 1.05, 0.95 மீட்டர் ஆகிவிடும். பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 2.2 கன மீட்டர். வெறும் ஐந்து சென்டிமீட்டர்தானே என்று நாம் நினைக்கும் உறை, ரசீதில் ஏறத்தாழ முப்பது சதவீதமாக வந்து நிற்கிறது. முகவர் வீட்டுக்கு வந்து கண்ணால் பார்த்துச் சொல்லும் மதிப்பீட்டுக்கும் கிடங்கில் அளந்த பின் வரும் அளவுக்கும் இடையே பூசல் வருவது பெரும்பாலும் இதனால்தான்.

ஆகவே இரண்டாம் முறை ஒரு டேப்பும் நோட்டுப்புத்தகமும் எடுத்துக்கொண்டு அறை அறையாக அளந்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே பொதிந்த கன அளவையும், அதையே போகும் ஊரில் புதிதாக வாங்கினால் ஆகும் செலவையும் எழுதி, இரண்டாவதை முதலாவதால் வகுத்தேன். வகுத்து வந்த எண் அந்தப் பொருள் தான் அடைக்கும் இடத்துக்கு எவ்வளவு மதிப்பு தருகிறது என்பதைச் சொல்லும். அது கன மீட்டர் கட்டணத்தைவிடக் குறைவாக இருந்தால் பொருள் இங்கேயே தங்க வேண்டியதுதான். அந்தப் பட்டியல் நான் எதிர்பார்த்தபடி வரவில்லை. உயர்ந்த இடத்தில் தையல் இயந்திரம், கருவிப் பெட்டி, கனமான அடிப்பாகம் கொண்ட பாத்திரங்கள், புத்தகங்கள், நல்ல கம்பளி உடைகள் ஆகியவை இருந்தன. மெத்தை, வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், துகள்பலகை அலமாரி எல்லாம் அடியில் கிடந்தன.

துகள்பலகை அலமாரியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பிரிக்கக்கூடியது என்ற நம்பிக்கையில்தான் முதல் முறை ஏற்றினோம். பிரித்தால் இடம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் திருகாணி ஒருமுறை பிடித்த துளை, கழற்றி மறுபடி முறுக்கும்போது பொடிந்துவிடும். போய்ச் சேர்ந்து பூட்டியதும் கதவு அரை விரல் அளவு சாய்ந்து நின்றது. அந்தச் சாய்வோடு எட்டு மாதம் இருந்தது, பிறகு அலமாரியே போய்விட்டது.

முழு மரத்தில் செய்து போல்ட் போட்டு இணைத்தவை வேறு கதை. எங்கள் சாப்பாட்டு மேசை நிற்கும் நிலையில் 1.8, 0.9, 0.75 மீட்டர், அதாவது 1.2 கன மீட்டர். நான்கு கால்களைக் கழற்றிப் பலகையைத் தனியாகச் சுற்றியபோது எல்லாம் சேர்த்துக் கால் கன மீட்டரைக்கூடத் தொடவில்லை. நாற்காலிகள் அப்படிப் பிரியவில்லை, ஒன்று 0.2 கன மீட்டர் வீதம் ஆறும் சேர்ந்து மேசையைப்போல் ஐந்து மடங்கு இடம் கேட்டன. மேசையை அனுப்பிவிட்டு நாற்காலிகளை விற்றேன். நாற்காலியில்லாத மேசையை யார் கப்பலில் ஏற்றுவார்கள் என்று வீட்டில் கேட்டார்கள், நோட்டைக் காட்டினேன்.

விமானச் சரக்கில் இதே கணக்கு இன்னும் கடுமையாகிறது. அங்கே நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்து ஒரு கற்பனை எடை எடுப்பார்கள், கூரியர் நிறுவனங்களில் பெரும்பாலும் 5,000-ஆல். அதற்கும் உண்மை எடைக்கும் இடையில் எது கூடுதலோ அதுவே ரசீது. 60 சென்டிமீட்டர் கனசதுரப் பெட்டியில் போர்வையும் தலையணையும் திணித்தால் தராசில் எட்டு கிலோ காட்டும், ரசீதில் 36 கிலோ என்று வரும். புத்தகமோ அங்கே உண்மை எடைக்கே மாட்டிக்கொள்ளும். இந்த வழியை ஒரே ஒரு முறை, முதல் மாதத்துக்குத் தேவையான இரண்டு பெட்டிகளுக்கு மட்டும் பயன்படுத்தினேன். அந்த அனுபவத்தை வைத்துப் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது, அவசரத்துக்கு உதவியது.

முழுக் கன்டெய்னருக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் இதைச் சொல்ல வேண்டும்: அங்கே கன மீட்டர் கணக்கே கிடையாது. 20 அடிப் பெட்டியின் உள்ளளவு ஏறத்தாழ 33 கன மீட்டர். பாதி நிரப்பினாலும் முழுதும் நிரப்பினாலும் பெட்டிக்கு ஒரே கட்டணம். சாமான் 15 கன மீட்டரை நெருங்கிவிட்டால் பல வழித்தடங்களில் முழுப்பெட்டியே சிக்கனமாக முடியும். நம் வாசலில் பூட்டி முத்திரை வைத்தது, சுங்கச் சோதனை வராவிட்டால், அங்கே நம் வாசலில்தான் திறக்கும். இடையில் நாலு கை மாறுவதில்லை. குழந்தைகளோடு நிரந்தரமாகக் குடிபெயர்பவர்கள், முழு மரச் சாமான் நிறைய வைத்திருப்பவர்கள், போகும் இடத்தில் வெறும் வீடு காத்திருப்பவர்கள் ஆகியோர் நான் சொல்வதைக் கேட்காமல் முழுப்பெட்டியையே எடுக்கலாம். ஆனால் அந்த ஒரே கட்டணத்தில் ஒரு பொறி இருக்கிறது. இடம் மிச்சமிருக்கிறதே என்று இற்றுப்போன துணி காயவைக்கும் கம்பிவரை ஏற்றிவிடுவோம். அத்தனையையும் அங்கே இறக்கி, மாடியேற்றி, வைக்க இடம் தேட வேண்டும். ஆவணத்தில் ஒரு தாள் தாமதமானாலும் துறைமுகத்தில் இலவச நாட்கள் முடிந்ததும் பெட்டிக்கு நாள் வாடகை ஏறத் தொடங்கும்.

பகிர்வு கன்டெய்னரிலும் குறை இல்லாமல் இல்லை. மற்றவர்களின் சரக்கு சேரும்வரை நம் பெட்டிகள் கிடங்கில் காத்திருக்கும். யாரோ ஒருவருடைய சரக்கைச் சுங்கம் நிறுத்தினால் நம்முடையதும் சேர்ந்து நிற்க நேரலாம். கிடங்கில் ஏற்றி இறக்குவது கூடுதல் என்பதால் அடிபடவும் வாய்ப்புக் கூடுதல். எங்களுக்கு வந்த பெரிய ஏமாற்றம் வேறு: முகவர் முதலில் சொன்ன தொகை புறப்படும் துறைமுகத்திலிருந்து சேரும் துறைமுகம்வரைதான். கிடங்குக் கூலி, பெட்டி பிரிக்கும் கூலி, ஆவணக் கட்டணம் எல்லாம் சேருமிடத்தில் தனி ரசீதாக வந்தன. அவை கப்பல் கூலியையே எட்டிப்பிடித்தன. எழுத்தில் “வாசல் முதல் வாசல்வரை, சேருமிடக் கட்டணங்கள் உட்பட” என்று வாங்காத தவறு என்னுடையது. குறைந்தபட்சக் கட்டணம் பெரும்பாலும் ஒரு கன மீட்டருக்கு என்பதால் அதற்கும் குறைவாக அனுப்புவதில் லாபமில்லை என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

மின்சாதனங்களில் முடிவெடுப்பது எளிது. பின்புறத் தகட்டில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தால் ப்ளக்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மடிக்கணினி, கைப்பேசி சார்ஜர்கள் ஏறத்தாழ எல்லாமே இப்படித்தான். 230 வோல்ட்டுக்கென்றே செய்த 2,000 வாட் கெட்டிலை 120 வோல்ட்டில் செருகினால் சக்தி பாதியாகாது, கால்வாசிக்குச் சற்று மேலாக, 550 வாட் அளவுக்கு இறங்கிவிடும். தண்ணீர் கொதிக்கும்வரை பொறுமை வேண்டும். மாறாக, 120 வோல்ட் சாதனத்தை 230 வோல்ட்டில் செருகினால் சாதனமே போய்விடும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. ஆகவே ஹெர்ட்ஸுக்கு ஏற்ப ஓடும் மோட்டார் வைத்த பழைய கருவிகளை அதை நம்பி ஏற்ற வேண்டாம்.

எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் பெட்டி படுக்கையோடு போவதும் ஒரு வழிதான். ஓரிரு ஆண்டுகளுக்கு மட்டும் போகிறவர்களுக்கு அதைவிட நல்லது இல்லை. குறை ஒன்று உண்டு: புறப்படும் தேதி தெரிந்த வீட்டில் விற்பவன் பேரம் பேச முடியாது. கடைசி வாரத்தில் வந்தவர்கள் கேட்ட விலைக்கே கொடுத்தேன். பெரிய சாமான்களை இரண்டு மாதம் முன்பே விற்கத் தொடங்கியிருக்க வேண்டும். தரையில் படுக்க நேர்ந்தாலும் பரவாயில்லை.

இரண்டு சட்டச் சிக்கல்களைச் சொல்லாமல் விட முடியாது. புறப்படும் முன் புதிதாக வாங்கி அனுப்பலாம் என்ற எண்ணம் பல நாடுகளில் எடுபடாது. குடிபெயர்வோருக்கான சுங்கவரி விலக்கு பயன்படுத்திய பொருளுக்குத்தான். ஐரோப்பிய ஒன்றியம் பொதுவாக ஆறு மாதமாவது பயன்படுத்தியிருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்கா வீட்டுச் சாமானுக்கு ஓராண்டு கேட்கிறது. இன்னொன்று மரப்பெட்டி. பூச்சி பரவாமலிருக்க, பொதியும் மரம் அதன் நடுப்பகுதிவரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டோ, ஏற்கப்பட்ட வேறு முறையில் பக்குவப்படுத்தப்பட்டோ, அதற்கான முத்திரை குத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகள் ஏற்ற விதி. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இதற்கு மேலும் ஒரு படி போய்த் தோட்டக் கருவியிலும் காலணி அடியிலும் ஒட்டிய மண்ணைக்கூடத் தேடும்.

காப்பீடு எடுக்காமல் அனுப்பாதீர்கள் என்பதற்கு உடைசல் மட்டும் காரணமன்று. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் சிக்கியபோது உரிமையாளர்கள் “பொதுச் சராசரி” அறிவித்தார்கள். கப்பலைக் காப்பாற்ற ஆகும் அசாதாரணச் செலவில், சேதமே அடையாத சரக்கின் சொந்தக்காரரும் பங்கு தர வேண்டும் என்பது கடல் வணிகத்தின் பழைய வழக்கம். கப்பல் ஜூலைவரை அங்கேயே பிடித்து வைக்கப்பட்டிருந்தது. காப்பீடு இருந்தால் அந்தப் பங்கைக் காப்பீட்டாளர் பார்த்துக்கொள்வார். நாமே பொதிந்த பெட்டிக்குள் உடைந்ததற்குப் பெரும்பாலான பாலிசிகள் பணம் தருவதில்லை என்பதால் கண்ணாடியையும் பீங்கானையும் மட்டும் அவர்களிடமே பொதியக் கொடுத்தோம். துணியும் புத்தகமும் எங்கள் கையால் கட்டியவை.

நாலரை கன மீட்டரும் எழுபத்தொரு நாளில் வந்து சேர்ந்தன. ஒரு தட்டு கீறல், புத்தகப் பெட்டி ஒன்றில் லேசான ஈரம். இரவில் குளிரும் இரும்புச் சுவரில் வியர்த்து வடியும் நீர் அது, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போடாததன் பலன். மேசைக்குக் கால் பூட்டி நிறுத்திய பிறகு நான்கு நாற்காலிகள் வாங்கினேன். அவற்றின் கைப்பிடி, மேசையின் கீழ்ச்சட்டத்தைவிட இரண்டு விரல் உயரம். உள்ளே தள்ள முடியாமல் அவை வெளியே நீட்டிக்கொண்டே நிற்கின்றன. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் முழங்கால் இடிக்கிறது. நாற்காலியின் உயரத்தையும் நோட்டில் எழுதியிருக்க வேண்டும்.