செகண்ட் ஹேண்ட் லெனோவோ திங்க்பேட் டி480 லேப்டாப்: நாலு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

தங்கச்சி பி.காம் சேந்ததும் லேப்டாப் வேணும்னா. கைல இருந்தது இருபதாயிரம், அந்த காசுக்கு புதுசு வாங்கினா ரெண்டு டேப் தொறந்தாலே திணறும், அதனால தண்டையார்பேட்டைல மெட்ரோ ஏறி கவர்மெண்ட் எஸ்டேட்ல இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைங்க நெறஞ்ச ரிச்சி ஸ்ட்ரீட் போயிட்டோம்.

மொத கடைல "ஐ5 தம்பி, விண்டோஸ் 11 போட்டது, பதினாலாயிரம்"னாரு. ஓடவும் செஞ்சுது. டாஸ்க் மேனேஜர் தொறந்து பாத்தா ஐ5-6200. வெறும் ஐ5ன்ற ப்ராசஸர் பேர வச்சு வாங்காதீங்க ப்ளீஸ், அதுக்கப்புறம் சின்ன கோடு (-) தாண்டி மொதல்ல வர்ற 6, 7, 8 தான் எத்தனாவது ஜெனரேஷன்னு சொல்லும், விண்டோஸ் 11க்கு இன்டெல்னா பொதுவா 8ல இருந்துதான் மைக்ரோசாஃப்ட் ஒத்துக்குது, கூடவே டிபிஎம் 2.0ன்ற செக்யூரிட்டி சிப் வசதியும் வேணும். அந்த செக்கிங்க ஏமாத்தி ஏத்தி வச்சிருந்தாங்க, எனக்கு செம கடுப்பு, தெரியாதவங்க பாவம்ல.

ரெண்டாவது கடைல இந்த டி480. ஐ5-8250, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 17,500 ரூபா, ஆறு மாசம் வாரண்டி. கீபோர்டு அருமை, தங்கச்சி நைட்ல அசைன்மென்ட் அடிச்சா பக்கத்துல படுத்திருக்க அம்மாக்கு சத்தமே கேக்கல. உள்ள ஒரு பேட்டரி, பின்னாடி கழட்டி மாட்டுற மாதிரி இன்னொண்ணு, வெளில இருக்கறத மாட்ட லாக்க தள்ளினா போதும். ஸ்க்ரீன் மட்டும் டல்லு.

அவளுக்கு டேலின்ற அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர் கிளாஸ் இருக்கு, அது விண்டோஸ்லதான் ஓடும், அதனால 11 அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். என் பழைய லேப்டாப் 6வது ஜெனரேஷன், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சிருச்சு. தூக்கி போட மனசு வரல, விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட் 22ன்ற ஓஎஸ் போட்டேன், காசு எதுவும் இல்ல, 2029 வரைக்கும் அப்டேட் வரும். பிரவுசர், லிப்ரே ஆபீஸ், தமிழ்99 டைப்பிங், என் வேலைக்கு இது தாராளம். பிளஸ் டூல கவர்மெண்ட் குடுத்த லேப்டாப்ல பாஸ்ன்ற இன்னொரு லினக்ஸ் இருந்துச்சு, அப்பவே தொறந்து பழகியிருக்கலாம்.

காசிமேடு, ராயபுரம் பக்கம் இருக்கவங்க பழசு வாங்கினா திருப்பிப் போட்டு அடில இருக்க ஸ்க்ரூ, யூஎஸ்பி ஓட்டை ரெண்டையும் டார்ச் அடிச்சு பாருங்க, உப்புக்காத்துல கெடந்ததுனா அங்கதான் மொதல்ல துரு புடிச்சிருக்கும்.