ஆக்சிஜன் சென்சார்: கனெக்டரோடு வாங்குவதா, வயர் ஒட்டுவதா?

காரின் முன்பக்க ஆக்சிஜன் சென்சாரை (எஞ்சின் புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கும் கருவி) மாற்றும் வேலை வந்தபோது கடையில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று, அந்த மாடலுக்கென்றே கனெக்டரோடு வருவது. மற்றது யுனிவர்சல், நான்கு வயர் வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கும், பழைய கனெக்டரை வெட்டி எடுத்து அதோடு இணைக்க வேண்டும். நான் கனெக்டர் உள்ளதையே வாங்கினேன்.

விலையில் யுனிவர்சல்தான் மலிவு. மரை பெரும்பாலும் இரண்டிலும் அதே 18 மி.மீ. வேலை செய்யும் விதமும் ஒன்றே: சிர்க்கோனியா பீங்கான், அதன் இருபுறமும் பிளாட்டினம் பூச்சு. ஒருபுறம் புகை படும், மறுபுறம் வெளிக்காற்று. 300 டிகிரிக்கு மேல் சூடேறியதும் இருபுற ஆக்சிஜன் வித்தியாசத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் பிறக்கும். பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட் பக்கம் ஏறும், காற்று மிகுந்தால் 0.1 பக்கம் இறங்கும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ அதைப் பார்த்து பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது.

சரி, அந்த வெளிக்காற்று உள்ளே போவது எப்படி? இங்கேதான் என் முடிவு நின்றது. பல சென்சார்களில் காற்று போவதே வயர் வழியாகத்தான், உறைக்குள் இருக்கும் செம்பு இழைகளின் இடுக்கில். அந்த இடத்தில் சால்டரிங் செய்தால் உருகிய ஈயம் இழைகளுக்குள் ஊறி வழியை அடைத்துவிடும். வெளிக்காற்று குறைந்தால் மின்னழுத்தமும் விழும். ஈசியூ அதைக் காற்று மிகுதி என்று எடுத்துக்கொண்டு பெட்ரோலை அள்ளி விடும். மைலேஜ் போகும், அப்புறம் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் அளவுக்கு மீறிச் சூடாகிக் கெடும். சென்சாரில் மிச்சம் பிடித்த பணம் அதற்கு எந்த மூலைக்கு?

வயர் நிறமும் ஏமாற்றும். பாஷ் கம்பெனி சென்சாரில் இரண்டு வெள்ளை வயர் ஹீட்டருக்கு (சென்சாரைச் சூடேற்றும் பகுதி), கறுப்பு சிக்னலுக்கு. டென்சோ கம்பெனியினதில் ஹீட்டருக்கே இரண்டு கறுப்பு, சிக்னல் நீலம், வெள்ளை எர்த். நிறத்துக்கு நிறம் சேர்த்தால் ஹீட்டரின் 12 வோல்ட் சிக்னல் வயருக்குள் போய்விடும்.

கனெக்டரோடு கிடைக்காத பழைய கார் என்றால் யுனிவர்சல் தவிர வழியில்லை. அப்போது சால்டரிங் வேண்டாம். கிரிம்ப் செய்து (உலோகக் குழலுக்குள் வயர்களை வைத்து நசுக்கி இணைத்து), நீர் புகாத உறை போடச் சொல்லுங்கள். அப்படி ஒழுங்காகச் செய்தது எத்தனை வருடம் உழைக்கும் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. காற்று-பெட்ரோல் விகிதத்தை இன்னும் துல்லியமாக அளக்கும், ஐந்து வயர் கொண்ட வைட்பேண்ட் சென்சாரில் மட்டும் இந்த ஒட்டு வேலையே கூடாது. அவற்றில் பலவற்றுக்கு, அந்தந்த சென்சாருக்கென்று அளந்து வைத்த ரெசிஸ்டர் கனெக்டருக்குள்ளேயே இருக்கிறது.